கூடத்தில் பட்டிமன்றம், சமையற்கட்டில் அம்மா

என் அம்மா தீபாவளிப் பட்டிமன்றம் எதையும் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கூடத்தில் இருக்கும். கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டோ குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டோ இருப்பாள். நடுவர் ஒரு நகைச்சுவை சொல்வார். அரங்கம் சிரிக்கும். கூடத்தில் அப்பாவும் சித்தப்பாக்களும் பிள்ளைகள் நாங்களும் சிரிப்போம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சில சமயம் ஒரு சிரிப்பு வரும், கொஞ்சம் தாமதமாக. எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு விளங்குகிறது போலும் என்று நாங்கள் அதற்கும் சேர்த்துச் சிரிப்போம்.

நான் தமிழ் படித்தவள். காப்பியங்களில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். ஒரு பாடலில் யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை என்று கேட்டு வாசிக்க வேண்டும் என மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஆண்டுதோறும் என் வீட்டுக் கூடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு பனுவலை நான் வாசிக்காமலே விட்டிருக்கிறேன். அது பண்டிகை நாளின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல். இந்தக் கட்டுரையில் அதை வாசித்துப் பார்க்கிறேன். வாசிப்பில் நானும் ஒரு பாத்திரமாக வருவேன். நல்ல பாத்திரமாக அல்ல.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பண்டிகை நாளுக்கு ஒரு புதிய சடங்கு வரிசை உண்டாயிற்று. காலையில் நாதசுரமும் தவிலும். பிறகு ஓர் ஆன்மிகச் சொற்பொழிவு. அடுத்துப் பட்டிமன்றம். பிற்பகலில் நடிகர், நடிகையர் நேர்காணல். இடையிடையே புதுப்படப் பாடல்கள். மாலையில் ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ ஒரு திரைப்படம். அலைவரிசைகள் பெருகின, வரிசை மாறவில்லை. இன்று கைப்பேசியில் எதையும் எப்போதும் பார்க்கலாம் என்றாலும், தீபாவளிக் காலையில் கூடத்துத் தொலைக்காட்சி இதே வரிசையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வரிசைக்கு இணையாக இன்னொரு வரிசை சமையற்கட்டில் ஓடுகிறது. அதை யாரும் அச்சிட்டு வெளியிடுவதில்லை. விடியுமுன் எழுந்து எண்ணெய் காய்ச்சுவது, எல்லோர் தலையிலும் வைத்துவிடுவது, வெந்நீர் விளாவுவது. இட்லியும் கறிக்குழம்பும். பதினோரு மணிக்கு வருகிறவர்களுக்கு வடையும் காப்பியும். மதியச் சாப்பாடு. மாலையில் வருகிறவர்களுக்குத் தட்டில் பலகாரம் எடுத்துவைப்பது. பலகாரம் என்பது அன்றைய வேலை மட்டுமல்ல. அது ஒரு வாரம் முன்பே அரிசி ஊறப்போட்டதில் தொடங்கியிருக்கும். எங்கள் கொங்குப் பக்கத்தில் பண்டிகை எதுவானாலும் ‘நோம்பி’ என்றே சொல்வோம். நோன்பு என்ற சொல்லின் திரிபு அது. உண்ணாமல் இருப்பதற்கான சொல், உண்டு களிக்கிற நாளுக்குப் பெயராக எப்படி வந்தது என்று சொற்பிறப்பு அறிந்தவர்கள் விளக்கக்கூடும். அம்மா மூன்று மணிக்கு வெறும் ரசஞ்சோறு மட்டும் போதும் என்று தட்டை எடுக்கும்போது எனக்கு அந்தப் பெயர் சரியாகவே படும். ‘காலைல இருந்து எண்ண வாசம் புடிச்சு வவுறு ரொம்பிப்போச்சு கண்ணு’ என்பாள். தீபாவளி இலேகியம் அஜீரணத்துக்கு. அது சாப்பிட்டவர்களுக்கான மருந்து. சமைத்தவர்களின் பசியின்மைக்கு லேகியம் யாரும் கிண்டவில்லை.

இரண்டு வரிசைகளும் சந்திக்கிற இடம் பட்டிமன்றம். அங்கேதான் கூடம் சமையற்கட்டைப் பற்றிப் பேசுகிறது.

பட்டிமன்றத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. பண்டிகைக்கும் பட்டிமன்றத்துக்கும் உள்ள உறவு மணிமேகலை அளவுக்குப் பழையது. அந்தக் காப்பியத்தின் முதல் காதையில், இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் புகார் நகரத்தாரிடம் தெருக்களை அலங்கரிக்கச் சொல்கிறான். வாதிட வல்லவர்களைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். விழா என்றால் வாதமும் உண்டு என்று நினைத்த சமூகம் அது. பிற்காலத்தில் காரைக்குடிக் கம்பன் விழா மேடைகளில் காப்பியப் பாத்திரங்களை வைத்து வழக்காடினார்கள். சாலமன் பாப்பையா போன்ற பேராசிரியர்கள் அந்த மேடையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, படிக்காதவர்களின் வீட்டுக்குள்ளும் தமிழ் கலகலப்பாக நுழைந்தது. என் அப்பா எட்டாம் வகுப்பு. பட்டிமன்றம் கேட்டுத்தான் அவருக்குக் கம்பனில் நான்கு பாட்டு மனப்பாடம்.

என் சிக்கல் வேறு இடத்தில். தமிழ்க் காப்பியங்களில் வாதம் செய்கிறவர்களில் முதன்மையானவர்கள் பெண்கள். வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அறிவு தேடிச் சென்ற மணிமேகலைக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: நீ இளம்பெண், உனக்கு யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள். அவள் தவசியின் வடிவம் எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கிறாள். குண்டலகேசி இன்னும் கடுமையானவள். தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனைத் தள்ளிவிட்டுத் தப்பியவள். பிறகு துறவியாகி, ஊர் ஊராய் நாவற்கிளை நட்டு, வாதிட வருகிறவர்கள் வரலாம் என்று அறைகூவியவள். அவள் பெயரிலான காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை சில பாடல்களே. அவளை மறுக்க எழுந்த சமணக் காப்பியமான நீலகேசியிலும் வாதிடுகிறவள் ஒரு பெண்தான். பௌத்தப் பெண்ணைச் சமணப் பெண் வாதில் வெல்கிறாள். எல்லாம் உலகம் எதனால் ஆனது, உயிர் உண்டா இல்லையா என்பன போன்ற கேள்விகள்.

இவர்களின் வழிவந்த மேடை, பண்டிகைக் காலையில் எதை வழக்காடுகிறது? குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா. அதிகம் விட்டுக்கொடுப்பவர் மருமகளா, மாமியாரா. அன்றைய வாழ்க்கை இனித்ததா, இன்றைய வாழ்க்கை இனிக்கிறதா. தலைப்பு எதுவானாலும் பேச்சு நாலாவது நிமிடத்தில் மனைவியின் உப்புமாவுக்கு வந்துவிடும். மனைவி சமைத்ததைச் சாப்பிட்டு உயிரோடிருப்பதே சாதனை, மனைவி ஊருக்குப் போனால் அதுதான் தீபாவளி, கடைக்கு அழைத்துப்போனால் புடவைக் கடையிலேயே குடியிருப்பாள். இவற்றைச் சொல்கிறவர் தீயவர் அல்லர். கேட்டுச் சிரிக்கிறவர்களும் தீயவர்கள் அல்லர். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோர் வயிற்றிலும் இருப்பது அவள் சமைத்தது. வயிறு நிறைந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, சமைத்தவள் காதில் விழும்படி, சமையலைப் பற்றிச் சிரிக்கிறார்கள். இதில் யாருக்கும் உறுத்தல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் நகைச்சுவையின் வேலை. கோபமாகச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். சிரிப்பாகச் சொல்லும்போது சண்டைக்கு வருகிறவள் நோம்பியைக் கெடுத்தவள் ஆகிவிடுகிறாள்.

இனி என் பங்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றத்தில் பேச அழைத்தார்கள். கவிஞர், பேராசிரியை, நன்றாகப் பேசுவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பண்டிகையின் மகிழ்ச்சி அன்றா, இன்றா என்று தலைப்பு. எனக்கு ‘இன்றே’ அணி. மூன்று நாள் குறிப்பெடுத்தேன். பெண்கள் படிப்பது, வேலைக்குப் போவது, தன் காசில் தனக்குப் புடவை எடுப்பது என்று நல்ல கருத்துகள். ஒளிப்பதிவு அரங்கில் எனக்கு முன் பேசியவர்கள் அரங்கத்தை உலுக்கிவிட்டார்கள். நான் பேசத் தொடங்கியபோது முதல் இரண்டு நிமிடம் ஒரு கைத்தட்டுகூட இல்லை. அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும். குறிப்பில் இல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது. ‘அந்தக் காலத்துத் தீபாவளியை நினைத்தாலே எனக்குப் பல் கூசுகிறது நடுவர் அவர்களே. எங்கள் அம்மா சுட்ட அதிரசத்தைக் கடித்த பல் அது’ என்றேன். அரங்கம் அதிர்ந்தது. நடுவரே மேசையைத் தட்டினார். நான் விடவில்லை. அந்த அதிரசத்தை எறிந்து மாங்காய் அடித்ததாக, வாசல்படிக்கு முட்டுக்கொடுத்ததாக, மேலும் இரண்டு சொன்னேன். மேடை எனக்கு வசப்பட்டது.

அவ்வளவும் பொய். அம்மாவின் அதிரசத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாகு கொஞ்சம் முற்றினால் அதிரசம் கல்லாகும். கொஞ்சம் இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, அவள் அந்தப் பதத்தைப் பிடிப்பாள். ஈர அரிசி மாவைப் பாகில் கிளறி இரண்டு மூன்று நாள் புளிக்கவைப்பாள். சுட்டெடுத்ததை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடிப்பாள். எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பாகுப் பதம் பார்க்க அவளைக் கூப்பிட்டுப்போவார்கள். ஒரு பெண்ணின் ஐம்பது ஆண்டுக் கைத்திறனை, அவளுடைய முனைவர் பட்டம் பெற்ற மகள், பெண் விடுதலைக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டே, மூன்று கைத்தட்டலுக்கு விற்றாள்.

தீபாவளியன்று நிகழ்ச்சி வந்தது. அம்மா வழக்கம்போல் சுவருக்கு அந்தப் பக்கம். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சமையற்கட்டிலிருந்து தாமதமாகக்கூடச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்து, ‘நல்லாப் பேசுன கண்ணு, கைத்தட்டு நெறைய வந்துச்சு’ என்றாள். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முந்தின நாள் போனேன். மேசையில் அட்டைப் பெட்டியில் கடை அதிரசம் இருந்தது. ‘கை வலிக்குது, கடைல சொல்லிப்போட்டேன்’ என்றாள். கைவலி உண்மைதான். நான் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பட்டிமன்றத்தை மட்டும் குறை சொன்னால் நேர்மையாகாது. மாலையில் வருகிற படமும் பாட்டும் என்ன செய்கின்றன?

1992 பொங்கலுக்கு வெளியான ‘மன்னன்’ படத்தை எடுத்துக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் இளையராஜா இசையில், வாலி எழுதி, யேசுதாஸ் பாடிய தாய்ப் பாடல் தமிழ்நாட்டில் இன்றும் அன்னையர் நாள் தவறாமல் ஒலிக்கிறது. மகன் தாய்க்குப் பணிவிடை செய்கிற காட்சி. பண்டரிபாயின் முகமும் அந்தக் குரலும் என்னை இன்றும் கலங்கவைக்கும். அதே படத்தின் கதை என்ன? விஜயசாந்தி நடித்த நாயகி ஒரு தொழிலதிபர். திறமைசாலி, திமிர் உள்ளவள். கதை அவளை மணமேடைக்குக் கொண்டுவந்து, அறைந்து, அடக்கி, கடைசியில் இல்லத்தரசியாக்கி நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ஒரே படத்தில் ஒரு பெண் தெய்வம், இன்னொரு பெண் பாடம் புகட்டப்பட வேண்டியவள். சிறு வயதில் இது எனக்கு முரணாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. தாயைத் தெய்வமாக்குவதும் மனைவியை வழிக்குக் கொண்டுவருவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள். தாய் என்பவள் ஏற்கெனவே வழிக்கு வந்துவிட்ட மனைவி. அவள் சமைத்து முடித்துவிட்டாள். இனி அவளைப் பாடலாம். 1999இல் வந்த ‘படையப்பா’வின் நீலாம்பரி வழிக்கு வரமாட்டேன் என்றாள், கதை அவளைச் சாகவிட்டது. ஆனால் என் தோழிகள் பலருக்கும் எனக்கும் அந்தப் படத்தில் நினைவிருப்பது ரம்யா கிருஷ்ணன்தான். படம் ஒன்று சொல்ல, பார்க்கிற பெண்கள் வேறொன்றை எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவள் சாட்சி.

இந்த இடத்தில் என் மாணவிகள் குறுக்கிடுவார்கள். எங்கள் கல்லூரியில் பொங்கல் விழாவன்று மைதானத்தில் பானை வைப்போம். பொங்கி வழிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். புடவை கட்டிய பெண்கள் கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு குத்தாட்டம் போடுவார்கள். கேட்கக் கண்கொள்ளாத வரிகள், பார்க்கக் கண்கொள்ளும் ஆட்டம். 2011இல் ‘3’ படத்துக்காக வந்த கொலவெறிப் பாடல் உலகெங்கும் பரவியபோது, காதலில் தோற்ற இளைஞன் பெண்ணைத் திட்டுகிற ‘சூப் பாடல்’ ஒரு வகைமையாகவே நிலைத்துவிட்டது. அந்த வகைப் பாட்டுக்கு ஆடி முடித்து மூச்சு வாங்க வந்த ஒரு மாணவியிடம், ‘உன்னைத்தானே திட்டுகிறான், அதற்கு எப்படி ஆடுகிறாய்?’ என்று கேட்டேன். ‘மேம், நாங்க பீட்டுக்கு ஆடுறோம். வரிக்கு இல்ல’ என்றாள்.

அந்தப் பதிலோடு நான் பல நாள் மல்லுக்கட்டினேன். அதில் உண்மை இருக்கிறது. ஊர் பார்க்கும்படி உடம்பை அசைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, ஆண்டில் ஒருநாள் மைதானத்தின் நடுவில் ஆடக் கிடைப்பது சிறிய விஷயமல்ல. வரியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னால் நானும் அவள் வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்துவிடுவேன். எனக்கே பிடித்த பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறேன். ஆனால் வரி எங்கும் போய்விடுவதில்லை. மைதானத்தின் ஓரத்தில் நிற்கிற பையன்கள் வரியைப் பாடுகிறார்கள், அவளைப் பார்த்து. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடியாத நேரத்தில் வெளியே கசிந்த ‘பீப்’ பாடலை நினைவிருக்கலாம். பெண்ணைக் குறித்த வசைச்சொல்லின் மேல் ஒலியை வைத்து மறைத்திருந்தார்கள். மாதர் அமைப்புகள் தெருவுக்கு வந்தன, காவல் நிலையங்களில் புகார் கொடுத்தன. விவாதம் முழுவதும் அந்தச் சொல்லைப் பற்றியே நடந்தது. சொல்லை மறைத்தாலும் பாட்டின் மிச்சம் விளங்கியது என்பதுதான் என் கவலை. கேட்கிற எல்லோருக்கும் அந்த இடத்தில் என்ன சொல் வரும் என்று தெரிந்திருந்தது. பட்டிமன்றத்தின் உப்புமாவும் அப்படித்தான். அது மறைக்க வேண்டிய சொல்கூட இல்லை.

இது வெறும் சிரிப்பு, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்வேன். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் வீட்டாருக்கான ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 299 நிமிடம் வேலை செய்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. மகிழலாம் என்று பார்த்தால் ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது சாதாரண நாளின் கணக்கு. நோம்பி நாளுக்குத் தனிக் கணக்கு யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா வீட்டிலிருந்து தொடங்கலாம்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரில் ‘உதவி’ என்ற சொல் இல்லை, ‘உரிமை’ என்று இருக்கிறது. தொகை சிறிது. யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் குறைகளும் உண்டு. ஆனாலும் வீட்டில் பெண் செய்வது உழைப்பு, அதற்கு அவளுக்கு வரவேண்டியது ஒன்று உண்டு என்று ஓர் அரசு ஆவணம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகான பண்டிகைப் பேச்சுகளில் ஆயிரம் ரூபாயும் மகளிர் கட்டணமில்லாப் பேருந்தும் நகைச்சுவையாகிவிட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். உழைப்பு என்று பெயர் சூட்டப்பட்டதும் அதைக் கேலியாக மாற்றுகிற வேகத்தைப் பாருங்கள். உப்புமாவைக் கேலி செய்கிறவரையில் அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

பண்டிகையும் சிரிப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா சிறுமியாக இருந்தபோது பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கும் நோம்பி உண்டு. ஊர்ப் பெண்கள் கூட்டமாக, பலகாரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, ஆவாரம்பூப் பறிக்கப் போவார்கள். கும்மியடிப்பார்கள். அன்றைக்குப் பாட்டுக் கட்டுகிறவர்களும் பெண்கள், கேட்கிறவர்களும் பெண்கள். மாமனின் மீசையும் கொழுந்தனின் சோம்பலும் மாமியாரின் கஞ்சத்தனமும் அந்தப் பாட்டுகளில் படாத பாடு படும் என்று அம்மா சொல்வாள். சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், இத்தனை வயதிலும். அந்தச் சிரிப்பு தாமதமாக வருவதில்லை.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததை நான் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். ஜியோ பேபி இயக்கி 2021இல் மலையாளத்தில் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படம் 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது. மலையாளத்தில் இருந்த கூர்மை தமிழில் கொஞ்சம் மழுங்கிவிட்டது என்பது ஒரு விமரிசகராக என் கருத்து. அம்மாவுக்கு அந்த ஒப்பீடெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு விடுமுறைப் பிற்பகலில் என் மடிக்கணினியில் தமிழ்ப் படத்தைப் போட்டேன். அரைத்தல், நறுக்குதல், கழுவுதல், துடைத்தல், மறுபடி அரைத்தல். ‘இதுல என்ன கத இருக்குது? நம்மூட்டுல நடக்கறதுதான’ என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுவதும், கணவன் ஆள் கூப்பிட மறந்துகொண்டே இருப்பதும் வந்தபோது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ‘ஒரு நாள்ல செரி பண்ற வேல’ என்றாள் திரையைப் பார்த்து, கோபமாக. படம் முடிந்து வெகுநேரம் கழித்து, என்னைப் பாராமல் கேட்டாள்:

‘எம்பட அதிரசம் கல்லு மாதிரியா கண்ணு இருந்துச்சு?’

நான் இல்லை என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் தலையாட்டிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்குப் பட்டிமன்றம் பேச அழைப்பு வந்தது. இல்லறம் சிறக்கப் பெரிதும் வேண்டுவது கணவனின் பொறுமையா, மனைவியின் திறமையா என்று தலைப்பு. மறுத்துவிடுவதாக அம்மாவிடம் சொன்னேன். ‘எதுக்கு மறுக்கற? போயிப் பேசு. என்னைய வெச்சுச் சிரிக்காத, அவ்வளவுதான்’ என்றாள்.

போனேன். எனக்குக் கொடுத்த நேரத்தில் அதிரசத்தின் பாகுப் பதத்தைப் பற்றிப் பேசினேன். முன்பு இதே போன்ற மேடையில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். பிறகு, ‘இந்த நிகழ்ச்சியைச் சமையற்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற பெண்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் பொங்கல் ஒன்றும் திரும்பிப் போய்விடாது’ என்றேன். கைத்தட்டு கொஞ்சம்தான் வந்தது. பின்வரிசையில் இருந்து வந்தது.

பொங்கலன்று நிகழ்ச்சி தொடங்கியதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். நான் திரையில் வந்தேன். வணக்கம் சொன்னேன், ஒரு குறளைச் சொன்னேன், அணித்தலைவரைப் பாராட்டினேன். அடுத்த பேச்சாளர் வந்துவிட்டார். மிச்சத்தை வெட்டியிருந்தார்கள்.

‘அவ்வளவுதானா? நீ வேற என்னமோ பேசுனேன்னு சொன்னியே?’ என்று அம்மா கேட்டாள்.

‘பேசினேன், எடுத்துட்டாங்க.’

‘செரி, எங்கிட்டச் சொல்லு.’

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூடத்தில் நின்று, முதலிலிருந்து சொன்னேன். சித்தப்பாக்கள் கேட்டார்கள். அப்பா ஒருமுறை சமையற்கட்டுப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா காலை நீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். அன்றைக்குச் சாப்பாடு இருபது நிமிடம் தாமதம்.